காதோரம் ஆட்டிப் பார்த்த பம்பு

மாப்ள,

ஆயுத பூசைக்கு மண்டியைக் கழுவிவிட வேண்டும் என்று தராசுப் பலகையை நகர்த்தச் சொன்னேன். அடியிலிருந்து நீ மூச்சு வாங்கும்போது அடிக்கிற பம்பு வந்தது. ஊதா நிறம் மங்கிப்போய், மிளகாய் விதை ஒட்டிக்கொண்டு, மூடி இல்லாமல் கிடந்தது. சுமை தூக்கும் காசி அதை எடுத்து என் கையில் வைத்து, "மாப்ளண்ணன் பொருளு" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ செய்வதையே செய்தேன். காதோரம் கொண்டுபோய் ஆட்டினேன். உள்ளே என்னமோ குலுங்குகிற மாதிரி இருந்தது. அமுக்கினேன். புஸ் என்று கொஞ்சம் காற்று வந்தது. உன் கடைசி நாளில் அந்தப் பம்பு போட்ட சத்தமும் இதுதான். அப்படியே தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. பம்பை அல்ல, உன்னை. நீதான் இல்லையே.

வருகிற மாசியில் உன் நினைவு நாளுக்கு சிம்மக்கல் முழுக்க போஸ்டர் அடிக்கலாமா என்று காசி கேட்டான். போஸ்டரில் படம் போடுவார்கள், பூ போடுவார்கள், கண்ணீர் என்று போடுவார்கள். எப்படிச் செத்தாய் என்று போட மாட்டார்கள். உன் வீட்டில் கேட்டால் மாரடைப்பு என்கிறார்கள். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி பாண்டியம்மாளே அப்படித்தான் சொல்கிறாள். உனக்கு மாரும் அடைக்கவில்லை, ஒரு மண்ணும் அடைக்கவில்லை. மூச்சுக்குழாய் இறுகிச் செத்தாய். செத்த பிறகும் அதை மறைக்க ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதனால்தான் போஸ்டர் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். இனிப்பாக எதையும் எதிர்பார்க்காதே.

மிளகாய் வத்தல் மண்டியில் இருமாதவன் எவனும் இல்லை. மூட்டையைத் தரையில் கொட்டி அம்பாரம் போட்டதும் எல்லோரும் இருமுவோம். விவசாயி இருமுவான், புரோக்கர் இருமுவான், வாசலில் நிற்கிற ஆட்டோக்காரனும் தும்முவான். துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு ஏலம் கேட்க ஆரம்பித்துவிடுவோம். எங்கள் இருமல் முடிகிற இடத்தில்தான் உன் இருமல் ஆரம்பிக்கும். நீ மூட்டைச் சந்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாய். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கும். விசில் மாதிரி ஒரு சத்தம் வெளியே கேட்கும்.

"அண்ணே, மாப்ளண்ணன் உள்ள ஆர்மோனியம் வாசிக்கிறாரு. பாட்டு முடிஞ்சதும் எடை போடலாமா?" என்பான் காசி.

"உங்கப்பன் ஒப்பாரிக்கு வாசிக்கிறேன்டா, வாடா" என்று உள்ளேயிருந்து திக்கித் திக்கிக் கத்துவாய். மண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆள் திட்டுகிற தெம்போடு இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

வெளியே வந்ததும் கேட்பேன், "என்ன மாப்ள, ஆஸ்துமாவா?"

உனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "ஆஸ்துமாவா? வாயக் கழுவு மச்சான். அது கெழடுகட்டைக்கு வாரது. எனக்கு ஈஸ்னோபில். ரத்தத்துல கொஞ்சம் கூட இருக்காம். அம்புட்டுதான்."

ஈஸ்னோபில்! அந்த வார்த்தையை நீ எவ்வளவு அழகாகச் சொல்வாய். மதுரையில் பாதிப் பேர் அந்தத் துண்டைத்தான் போர்த்திக்கொண்டு திரிகிறார்கள். ஆஸ்துமா என்றால் பொண்ணு கொடுக்க யோசிப்பான், கடனுக்குச் சரக்கு தர யோசிப்பான். ஈஸ்னோபில் என்றால் என்னவோ கொசு கடித்த மாதிரி. நீ என் தங்கச்சியைக் கட்டும்போதே உன் வீட்டில் இதைச் சொல்லித்தான் சமாளித்தார்கள். அன்றைக்கு எனக்கும் அது கொசுக்கடி மாதிரிதான் தெரிந்தது.

உன் காதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மற்ற வியாபாரியெல்லாம் வத்தலை ஒடித்துப் பார்ப்பான், மோந்து பார்ப்பான். நீ ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டுவாய். காய்ந்த வத்தலென்றால் விதை கலகலவென்று சொல்லும். ஈரம் இருந்தால் ஊமையாக இருக்கும். "ஊமை மச்சான், விட்டுரு" என்பாய். அந்த மூட்டையை வாங்கியவன் பூசணம் பிடித்து அழுவான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து மண்டி போட்டவன் நான். ஆனால் மண்டிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது உன் காது. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் அந்தக் காதை நம்பி நீ செய்த காரியத்தில்தான்.

டாக்டர் உனக்கு இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். ஊதா ஒன்று, செங்கல் நிறத்தில் ஒன்று. ஊதாவை அடித்தால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு லேசாகும். செங்கல் நிறத்தை அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. நீ வியாபாரி மூளையைக் காட்டினாய். சாம்பிள் பார்த்துச் சரக்கு வாங்குகிறவன் அல்லவா?

"இதுல சரக்கே இல்ல மச்சான். அடிச்சா இனிக்கவும் இல்ல, கசக்கவும் இல்ல. சும்மா கலர் டப்பா."

"டாக்டர் தினமும் அடிக்கச் சொல்லியிருக்காருல்ல?"

"தினம் அடிச்சா பழகிப்போகும். அப்புறம் அது இல்லாம மூச்சு விட முடியாது. நான் என்ன குடிகாரனா?"

அதோடு செங்கல் நிறப் பம்பு குப்பைக்குப் போனது. ஊதா மட்டும் மடியில் இருந்தது. அதையும் நாலு பேர் பார்க்க அடிக்க மாட்டாய். கல்யாண வீட்டில் என்றால் கை கழுவுகிற இடத்துக்குப் போவாய். பஸ்ஸில் என்றால் இறங்கிவிடுவாய். உன் மகள் பவித்ரா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவளுக்கும் அதே விசில் வந்தது. "ஏத்தா, யாரும் கேட்டா ஈஸ்னோபில்னு சொல்லு" என்று நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு தகப்பன் மகளுக்குச் சேர்த்து வைத்த சொத்து அது.

கடைசி நாளை நீ மறந்திருப்பாய். எனக்கு அந்த வசதி இல்லை.

மாசி மாதம், புதுச் சரக்கு வருகிற நேரம். ராமநாதபுரத்து வத்தல் வாசல் வரைக்கும் அடுக்கியிருந்தது. உச்சி வெயிலில் ஏலம் நடக்கிறது. நீ விலை கேட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சந்துக்குள் போனாய். காசிகூட அன்றைக்குக் கேலி பேசவில்லை, அவ்வளவு வேலை. கொஞ்ச நேரம் கழித்து நான் வந்து பார்த்தபோது நீ மூட்டைமேல் சாய்ந்து பம்பை அமுக்கிக்கொண்டிருந்தாய். உதடு கருநீலமாக இருந்தது.

"மாப்ள, மருந்து தீந்துபோச்சா?"

நீ பம்பைக் காதோரம் கொண்டுபோய் ஆட்டினாய். வத்தலை ஆட்டுவது போலவே. தலையை அசைத்தாய். "இருக்கு மச்சான்... கலகலங்குது."

மறுபடியும் அமுக்கினாய். புஸ். மறுபடியும். புஸ். அதில் மருந்து தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. தள்ளுகிற வாயு மட்டும் மிச்சம் இருந்து சத்தம் போட்டிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரியில் அதை வாங்கிப் பார்த்த நர்ஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆட்டோவில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு போனேன். யானைக்கல் திருப்பத்தில் டவுன் பஸ் குறுக்கே நின்றது. நீ என் சட்டையைப் பிடித்திருந்த பிடி அங்கேயே விட்டுப்போனது. மாவட்டத்தில் எந்த வத்தல் பேசுகிறது, எது ஊமை என்று கண்டுபிடித்தவனை ஒரு பிளாஸ்டிக் டப்பா பொய் சொல்லி ஏமாற்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மண்டிக்குத் திரும்பியதும் அந்தப் பம்பை மூட்டைச் சந்தில் வீசி அடித்தேன். அது தராசுக்கு அடியில் போய் ஒளிந்திருக்கிறது போல. நீ வளர்த்ததுதானே.

  

உன் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் பவித்ராவுக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. பாண்டியம்மா கஷாயம் வைத்தாள். நான் கஷாயத்தைக் கொல்லையில் ஊற்றிவிட்டுப் பிள்ளையைத் திருநகரில் நெஞ்சு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு மூட்டை கெட்டுப்போனால் எங்கே கெட்டது, தோட்டத்திலா, களத்திலா, லாரியிலா என்று தெரிந்துகொள்ளாமல் விட மாட்டேன். அதையேதான் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"தூசியை நாங்களுந்தேன் குடிக்கிறோம். எங்களுக்கு இருமலோட போயிருது. இவங்கப்பனுக்கு மட்டும் ஏன் குழாய் மூடுச்சு?"

அந்தம்மா அவசரப்படாமல் சொன்னது. மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறதாம், வளையம் வளையமாக. உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் செல்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கிருமி வந்தால் சண்டை போடுவது அவற்றின் வேலை. ஆஸ்துமாக்காரர்களில் பலருக்கு அந்தக் கூட்டத்தில் சிலது தசைக்குள்ளேயே போய்க் குடியேறிவிடுகிறது. மாஸ்ட் செல் என்று பெயராம். சும்மா தூசி வந்தாலும் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் தன்னிடம் இருக்கிற ரசாயனங்களைக் கொட்டும். அதைக் கண்டதும் தசை இறுக்கிப் பிடிக்கும். குழாய் உள்பக்கம் வீங்கும், சளி கட்டும். வழி இன்னும் குறுகும்.

எனக்கு உடனே நம் மண்டி ஷட்டர்தான் ஞாபகம் வந்தது. "அதாவது வாட்ச்மேன் தெருவுல நிக்காம ஷட்டருக்குள்ளயே வந்து படுத்துக்கிட்டான். வாசல்ல பூனை போனாக்கூட திருடன்னு ஷட்டரை இறக்கிடுறான். அப்படித்தானம்மா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சிரித்தது அந்தம்மா. "ஊதா பம்பு ஷட்டரைத் தூக்கிவிடும். ஆனா உள்ள இருக்குற வாட்ச்மேனை ஒண்ணும் பண்ணாது. செங்கல் கலர் பம்புதான் அவனை அடக்கும். அது மெதுவாத்தான் வேலை செய்யும். அதனால தினமும் அடிக்கணும், நல்லா இருக்கும்போதும் அடிக்கணும்."

"அவங்கப்பன் அடிச்சா பழகிப்போகும்னு சொல்லிக்கிருந்தான்."

அந்தம்மா முகம் மாறியது. "பழகுறது பம்பு இல்லைங்க. தசைதான் பழகும். வருசக்கணக்கா அந்தச் செல்கள் தூண்டிக்கிட்டே இருந்தா தசை தடிக்கும், உரமேறும். அப்புறம் லேசா ஒரு தூண்டுதல் போதும், கப்புனு பிடிச்சுக்கும்."

காசியின் தோளைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? மூட்டை தூக்கித் தூக்கி உருண்டு திரண்டு நிற்கும். உன் நெஞ்சுக்குள் அப்படி ஒரு சுமைக்காரனை வளர்த்துவிட்டிருக்கிறாய் மாப்ள. பழகிப்போகும், பழகிப்போகும் என்று எதைத் தள்ளி வைத்தாயோ அது பழகவே இல்லை. பழகிப்போனது உன் தசை.

கிளம்பும்போது கடைசியாகக் கேட்டேன். "அப்ப ஈஸ்னோபில்னு சொல்லுவாங்களே, அது வேறயா?"

"வேற இல்லைங்க. ஈசினோபில்லும் அந்தக் கூட்டத்துல ஒரு செல்தான். நிறையப் பேருக்கு மூச்சுக்குழாயைப் புண்ணாக்குறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு."

திருநகரிலிருந்து பஸ் ஏறாமல் கொஞ்சதூரம் நடந்தே வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு. ஆயுசு முழுக்க நீ சாக்காகச் சொன்ன பேர், உன் கழுத்தை நெரித்தவன் பேர். போலீஸ் வந்து கேட்கும்போது திருடனை முன்னால் நிறுத்தி, வேறு யாரும் இல்லை சார், இவன் மட்டும்தான் இருந்தான் என்று சொல்லியிருக்கிறாய். அதுவும் சிரித்த முகத்தோடு.

இப்போது போன மாதத்துக் கதைக்கு வருகிறேன். உனக்கு வேண்டிய கதை இதுதான்.

பவித்ராவுக்கு மாப்பிள்ளை வந்தது. திருமங்கலத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிற குடும்பம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் உன் வீட்டில்தான் பேச்சு. அப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் தட்டு மாற்ற வேண்டும். அதாவது உன் இடத்தில் நான். நான் கையெடுத்துத் தட்டை நீட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வெற்றிலை, பழம், பூ எல்லாம் அடுக்கியாகிவிட்டது. எவனோ புண்ணியவான் சாம்பிராணி போட்டுக் கூடமெல்லாம் புகை மூட்டிவிட்டான்.

பவித்ரா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறுவதை நான் பார்த்தேன். அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? பாண்டியம்மா கண்ணாலேயே அடுப்படிப் பக்கம் காட்டினாள். பிள்ளை எழுந்தாள், சுவரைப் பார்த்துத் திரும்பினாள். அந்தத் திரும்பலில் நீ இருந்தாய் மாப்ள. அச்சு அசலாக.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டது. "என்ன மதினி, புள்ளைக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல மதினி" என்றாள் என் தங்கச்சி. "கொஞ்சம் ஈஸ்னோபில். அம்புட்டுதான்."

அந்த அம்புட்டுதான் உன் குரலிலேயே கேட்டது. தட்டு என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தொடவில்லை.

"ஈஸ்னோபில் இல்ல, ஆஸ்துமா. இவ அப்பனைக் கொண்டுபோனதும் அதுதேன். மாரடைப்பு இல்ல" என்றேன்.

 பாண்டியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, நீ வாழ வைக்க வந்தியா, கெடுக்க வந்தியா?"

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"முன்னாடிதான் சொல்றேன். தட்டு இன்னும் மாறல. ஈரச் சரக்கைக் காஞ்சதுன்னு சொல்லி நான் எவன் தலையிலயும் கட்டுனது இல்ல."

"மாமா!" பவித்ராதான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், "நான் ஒண்ணும்... உங்க வத்தல் மூட்டை இல்ல."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. போனவள் திரும்பி வந்து அதே பாயில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள். ஊதா பம்பை எடுத்தாள். காதோரம் கொண்டுபோகவில்லை. அதன் முதுகில் மிச்சம் காட்டுகிற எண்ணைப் பார்த்தாள். எல்லோரும் பார்க்க வாயில் வைத்து இழுத்து, மூச்சைப் பிடித்து, விட்டாள். மறுபடி ஒரு தரம். தோள் மெல்ல இறங்கியது. பிறகு மாப்பிள்ளைப் பையனைப் பார்த்துப் பேசினாள்.

"தினமும் காலையில இன்னொண்ணு அடிப்பேன். அதை நிப்பாட்டச் சொல்லக் கூடாது. சாம்பிராணி போடக் கூடாது. மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார். காபி ஆறிப்போய்க் கிடந்தது. நான் தட்டைத் தூக்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து பாண்டியம்மா என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். அவளுக்கு நீ போதித்த பாடம் ஒரு நாளில் போகாது. பவித்ராவிடம் கேட்டேன், "ஏத்தா, மாமா மேல கோவமா?" என்று. "மூட்டைன்னு சொன்னதுக்குக் கோவம். மத்ததுக்கு இல்ல. அவங்க யோசிக்கட்டும் மாமா, நானும் யோசிக்கிறேன்" என்றாள். இவள் உன் மகளா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

நேற்று திருமங்கலத்திலிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அந்தம்மா குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி பேசியது.

"அண்ணே, உங்க மருமக பாக்குற அந்த டாக்டரம்மா... திருநகர்ல எங்க இருக்காங்க? எங்க வீட்ல ஒருத்தருக்கு... ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஈஸ்னோபில்."

விலாசத்தைச் சொன்னேன். யாருக்கு என்று கேட்கவில்லை. போனை வைத்ததும் உன்னைத்தான் திட்டினேன். நீ ஒருவன் செத்தால் தீர்ந்ததா? வீட்டுக்கு வீடு சுவரைப் பார்த்து நிற்கிறவன் ஒருவன் இருக்கிறான்.

பம்பைக் குப்பையில் போடவில்லை மாப்ள. கல்லா மேசையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். எவன் கேட்டாலும் சொல்கிறேன், இது என் மாப்ளயோடது, ஆஸ்துமாவுல செத்தான் என்று. கேட்கிறவன் சங்கடப்பட்டு நெளிவான். நெளியட்டும். பவித்ரா மண்டிப் பக்கம் வந்தால் ஆகும் என்று என் சட்டைப்பையில் புதுசாக ஒன்று எப்போதும் இருக்கிறது. இது மிச்சத்தை எண்ணாகக் காட்டுகிற பம்புதான். ஆனாலும் அதை வெளியே எடுக்கிறபோதெல்லாம் என் கை தன்னால் காதை நோக்கிப் போகிறது. உன்னோடு இத்தனை காலம் இருந்ததில் ஒட்டிக்கொண்டது அது. பாதியில் பிடித்து இறக்கி, எண்ணைப் பார்க்கிறேன்.

வத்தலை மட்டும் இன்னும் காதோரம் ஆட்டுகிறேன். நீ சொல்லிக் கொடுத்ததில் அது ஒன்றுதான் பொய் சொல்லாதது.